இரத்தினபுரி தந்த நடிகர் ஜோ அபேவிக்ரம

இரத்தினபுரிக்கு அருகே லெல்லோபிட்டிய என்றோர் ஊர். பஸ்ஸில் போய்வரும் நம் தோட்டப்புற மக்களுக்கு நன்கு பழக்கமான பெயர்தான். சிங்களத் திரையுலகின் ஒப்பற்ற குணசித்திர நடிகர் ஜோ அபேவிக்ரம, 1927 ஜூன் 22ஆம் திகதி பிறந்தது அந்த ஊரில்தான்.

ஒரு மௌலவி சினிமா நடிகரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அந்த விவாதம் வேறு. அயலூர்க்காரர் ஒருவரின் உழைப்பை அறிந்து வைத்திருப்பதில் தவறில்லை.

1950களின் இறுதியில் திரைக்கு வந்த அவரைச் சிரிப்பு நடிகர் என்றே எல்லோரும் எண்ணினர். 1965இல் வெளியான 'சரவிட்ட' படத்தில் வெற்றிலை விற்கும் ஏழையாக வந்து, சிரிப்பு நடிகரும் கதாநாயகனாகலாம் என்று காட்டினார். தமிழில் நாகேஷ் 'எதிர்நீச்சல்' படத்தில் செய்ததை நினைத்துக் கொள்ளுங்கள். 1971இல் சிங்களத்தின் முதல் சினிமாஸ்கோப் படமான 'வெலிகதர'வில் அவர் கோரிங் முதலாளி, அச்சமூட்டும் கடத்தல்காரன். எதிரே நிற்கும் பொலிஸ் அதிகாரி காமினி பொன்சேகா! லெனார்ட் வூல்ஃப் எழுதிய நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் 'பெத்தேகம' எனப் படமாக்கியபோது, காட்டோரக் கிராமத்து வேட்டைக்காரன் சிலிந்துவானார். ஊர்த் தலைவனின் கொடுமை தாங்காமல் துப்பாக்கி தூக்கும் அந்த ஏழையை அவர் வீரனாகக் காட்டவில்லை. என்ன நடந்தது என்றே புரியாத மனிதனாகக் காட்டினார்.

எனினும், பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர' படமே என் பார்வையில் அவருடைய சிகரம். பார்வையிழந்த முதியவர் வன்னிஹாமி. இராணுவத்தில் சேர்ந்த மகன் முத்திரையிட்ட பெட்டியில் திரும்பி வருகிறான். திறக்கக் கூடாதாம். ஊரே அழுது அடக்கம் செய்கிறது. தந்தை மட்டும் நம்பவில்லை. நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் வீட்டைக் கட்டி முடிக்கலாம், மகளின் திருமணத்தையும் நடத்தலாம். அவரோ ஒப்பமிட மறுக்கிறார். கடைசியில் மண்வெட்டியோடு குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் வாழைத்தண்டும் கற்களும்!

அந்தத் தந்தை அழுது புலம்பவில்லை, நெஞ்சில் அடித்துக் கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார், அவ்வளவுதான். வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் பிள்ளைகளைத் தேடியலைந்த எத்தனை தாய் தந்தையரின் முகம் அது! இனமும் மொழியும் அங்கே நினைவுக்கு வருவதில்லை.

1999இல் சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவில் இதற்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றார். இங்கேயோ, யுத்தகாலம் என்று காரணங்காட்டி 2000ஆம் ஆண்டில் படத்தைத் திரையிடத் தடுத்தார்கள். 2001இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே மக்கள் பார்க்க முடிந்தது.

2011 செப்டம்பர் 21ஆம் திகதி, தமது 84ஆவது வயதில் ஜோ காலமானார். சிங்களம் சரியாக விளங்காதே என்று நம் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. வன்னிஹாமி பேசுவது மிகக் கொஞ்சம்.