பருமன் ஆப்பரேஷனும் மெடிக்கல் கார்டும்

பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவருடைய வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வயது 44, எடை 118 கிலோ. ஆறு வருடமாக இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. இரவில் குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறாராம். அந்தச் சகோதரியின் வார்த்தையிலேயே மீதியைக் கேளுங்கள்:

"வயித்தைச் சின்னதாக்கற ஆப்பரேஷன் செஞ்சா நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பிரைவேட்ல கேட்டா தலை சுத்தற மாதிரி காசு சொல்றாங்க. ஏஜெண்டுத் தம்பி ஒருத்தர் வந்து, இப்பவே மெடிக்கல் கார்டு எடுத்துடுங்க அக்கா, இனிப்பு நீர் இருக்குன்னு பாரத்துல எழுத வேணாம், நாலு மாசம் கழிச்சு ஆப்பரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றாரு. இருக்கிற நகையை அடகு வெச்சுக் கட்டிடலாமான்னு பாக்கிறேன்."

தங்கச்சி, நகையை அடகு வைக்காதே. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு வேறு பல குடும்பங்களும் இருக்கும் என்பதால் எல்லாருமே படியுங்கள். 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்த நாட்டுப் பெரியவர்களில் 54.4 சதவிகிதத்தினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள்.

முதலில் ஆப்பரேஷனைப் பற்றிக் கொஞ்சம். அதிகம் செய்யப்படும் முறையில், இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேலாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் போல ஆக்கித் தைக்கிறார்கள். இன்னொரு முறையில், இரைப்பையின் மேல்பக்கம் சிறு பை மட்டும் விட்டு அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யப்படுபவை. எடை குறைவதோடு, பலருக்கு இனிப்பு நீரும் நன்றாகக் கட்டுக்குள் வருகிறது. இது அழகுக்காகச் செய்யும் காரியமல்ல. "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று லயத்தில் கேலி பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும்.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். இந்த லாரி டிரைவரின் உயரம் 1.65 மீட்டர். 118ஐ 1.65ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.65ஆல் வகுத்தால் சுமார் 43 வருகிறது. 1991இல் அமெரிக்காவில் வகுத்த பழைய அளவு 40, நோய்கள் கூட இருந்தால் 35. 2022இல் உலக அறுவை மருத்துவர் அமைப்புகள் அதை 35 என்றும், நோய் இருந்தால் 30 என்றும் இறக்கின. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றும் சொல்லின. ஆகவே எந்த அளவுப்படி பார்த்தாலும் இவருக்கு ஆப்பரேஷன் தேவை என்பதில் டாக்டர் சொன்னது சரி.

ஆனால் டாக்டர் தேவை என்று சொல்வது வேறு, காப்புறுதிக் கம்பெனி பணம் கட்டுவது வேறு. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

மெடிக்கல் கார்டோடு ஒரு தடித்த புத்தகம் தருகிறார்கள் அல்லவா? அதில் கம்பெனி எதற்கெல்லாம் பணம் கட்டாது என்று ஒரு பட்டியல் இருக்கும். எடை குறைப்பதற்கான சிகிச்சை பெரும்பாலான கார்டுகளில் அந்தப் பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படி இருந்தால் நாலு மாதமல்ல, நாற்பது மாதம் காத்திருந்தாலும் காசு வராது. சில கம்பெனிகள் நிபந்தனையோடு ஒத்துக்கொள்ளக்கூடும். அதை ஏஜெண்டின் வாயிலிருந்து கேட்டால் போதாது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

அந்த "நாலு மாசம்" எங்கிருந்து வந்தது? இந்த நாட்டுக் கார்டுகளில் எடுத்த முதல் 30 நாளுக்கு, விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடைக்காது. இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், இருதய நோய் போன்ற சிலவற்றுக்கு 120 நாள். தம்பி சொன்னது இந்த 120 நாளைத்தான். ஆனால் கார்டு எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கு வேறு விதி. அதை ஒத்துக்கொண்டு, கூடுதல் சந்தா வாங்கி, கம்பெனி எழுத்தில் ஏற்றிருந்தால் ஒழிய, நாள் கடந்தாலும் அது பழைய நோய்தான்.

பாரத்தில் மறைப்பது இதையெல்லாம்விட மோசம். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது நம் கடமை. தெரிந்தே பொய் சொன்னதாகத் தெரிந்தால் கம்பெனி ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ஆறு வருட இனிப்பு நீர் கிளினிக் புத்தகத்தில் பதிவாகி இருக்கிறது, மறையாது. நாளைக்கே மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், அதற்கும் சேர்த்துக் கையை விரிப்பார்கள். பாரத்தை ஏஜெண்டு எழுதினாலும் கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்கள், அல்லது தோட்ட நிர்வாகம் கூட்டுக் காப்புறுதி எடுத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் எடை, உயரம், என்னென்ன நோய்கள், எத்தனை வருட மருந்து, முன்பு என்ன முயற்சி செய்து பலிக்கவில்லை, ஆப்பரேஷன் ஏன் தேவை என்பதெல்லாம் இருக்கட்டும். அதைக் கம்பெனிக்கு அனுப்பி, ஆப்பரேஷனுக்கு முன்பே பதிலை எழுத்தில் கேளுங்கள். ஆப்பரேஷனால் பிறகு இரத்தக்கசிவோ தையலில் கசிவோ வந்தால் அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் கடைசி முடிவும் நியாயமில்லை என்று பட்டால், அந்த முடிவு வந்த 6 மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குக் கொண்டுபோகலாம். 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் அமைப்பு அது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஆனால் "கட்ட மாட்டோம்" என்று புத்தகத்தில் தெளிவாக அச்சடித்திருந்தால் அங்கே போயும் பலன் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சொக்சோ இதற்கு உதவுமா என்று சிலர் கேட்கலாம். சொக்சோ வேலை விபத்துக்கும், நோயால் வேலை செய்ய முடியாமல் போவதற்கும் உள்ளது. இந்த ஆப்பரேஷனுக்கு அல்ல. இ.பி.எப். பணத்தில் செஜாத்ரா கணக்கிலிருந்து மருத்துவத்துக்கு எடுக்க வழியுண்டு, ஆனால் அவர்கள் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலுக்கு உட்பட்டுத்தான். டாக்டர் கடிதத்தோடு இ.பி.எப். அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரியில் தேதி வாங்குங்கள்.

இனி நான் தங்கச்சிக்குச் சொல்லும் வழி. பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணருக்குக் கடிதம் வாங்கு. மலேசியக் குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளி. பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றிலும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஆப்பரேஷன் நடக்கிறது. பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக் கட்டணம் வேறு. இரைப்பையைத் தைக்கும் ஸ்டேப்ளர் சாமான்களை நோயாளியே வாங்கித் தர வேண்டுமா, எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேள். அங்கேதான் ஆயிரக்கணக்கில் செலவு ஒளிந்திருக்கும். வரிசை நீளம், காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் காலத்தில் உணவு ஆலோசகரையும் பார்க்கச் சொல்வார்கள், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

மூச்சு நிற்கும் விஷயத்தை மட்டும் காத்திருக்க விடாதே. அது பகலில் தூக்கத்தைக் கொண்டுவரும். குலை ஏற்றிய லாரியை ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சம்பளம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல், ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவருக்கு, சாதாரண நோய் விடுப்பு போக, வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், டாக்டர் சான்று வேண்டும். கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆப்பரேஷன் முடிந்ததும் செலவு முடியாது. பி12, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடரும். நகை அடகுக்குப் போகாமல் இருந்தால் இந்த மாத்திரைக்காவது கை கொடுக்கும். ஏஜெண்டுத் தம்பி மறுபடி வந்தால், சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பார், தங்கச்சி. போட்டுக் கொடுத்தால் அந்தத் தாளை எனக்கும் ஒரு நகல் அனுப்பு.