வால்வுப் பெட்டியின் ரீங்காரம்

கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் ஒரு தந்தியையும் தொடாமல் நிற்கிற நிமிஷத்தில், வால்வு ஆம்ப்ளிஃபயரிலிருந்து 'ம்' என்று எழுகிற ரீங்காரத்தை, அது வால்வின் ஸ்வபாவமென்று சொல்லிப் பொறுத்துக்கொள்கிறவர்கள் பலர். அந்தப் பழி வால்வுக்கு உரியதன்று. பெரும்பாலும் அது கம்பி பூட்டியவருடைய கைவழியாக உள்ளே புகுந்ததே. ஆகையால் கைவழியாகவே அதை வெளியேற்றவும் முடியும்.

கலிபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனத்தார் 1950-களின் இறுதியில் செய்த பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்வோம். 1962-இல் லண்டன் ஹான்வெலில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜே.டி.எம்.45-க்கு மூலமாக அமைந்தது அதுதான். பாஸ்மேனில் ரெக்டிஃபயர் வால்வு நீங்கலாக மற்ற ஐந்து வால்வுகளின் ஹீட்டர்களுக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் ஏறக்குறைய 2.7 ஆம்பியர் மாறுதிசை மின்சாரம் பாய்கிறது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, கிதாரிலிருந்து சில பத்து மில்லி வோல்ட்டே உள்ள மெல்லிய சமிக்ஞை முதல் வால்வின் கிரிட்டுக்குச் செல்கிறது. இவ்வளவு பெரியதும் இவ்வளவு சிறியதும் ஒரே கூரையின்கீழ் வாழவேண்டியிருப்பதுதான் தொல்லைக்கெல்லாம் பிரதான காரணம்.

முதலில் காதால் பரீக்ஷை செய்யவேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகள் உடையது. கிதாரின் மிகத் தாழ்ந்த தந்திக்கும் கீழே முனகுவதுபோல் கேட்டால் ஹீட்டர் கம்பியையோ டிரான்ஸ்ஃபார்மரையோ சந்தேகிக்கலாம். ஆறாம் தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால் எழும் சுருதியை ஒட்டி, 100 அலைவுகளாகக் கேட்டால், குற்றம் ரெக்டிஃபயருக்குப் பின்னால் இருக்கிறது: கண்டென்சர் காய்ந்திருக்கும், அல்லது எர்த் தவறாக இருக்கும்.

ஹீட்டர் கம்பிகளைக் கயிறு திரிப்பதுபோல இறுக முறுக்கி, சேஸியின் மூலையோடு ஒட்டி இட்டுச் செல்லவேண்டும். கிரிட் கம்பியைக் கடக்க நேர்ந்தால் குறுக்காகவே கடக்கவேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்றில் நடுமுனை இல்லையெனில், இரு கம்பிகளிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எர்த்துக்குக் கொடுத்தால் போதும்.

எர்த் என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. போட்டதெல்லாம் மறைந்துபோகிற கிணறாக அதை எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு கம்பிதான்; தடையுள்ள கம்பி. ரெக்டிஃபயரிலிருந்து முதல் கண்டென்சருக்குள் மின்சாரம் சீரான பிரவாகமாகப் போவதில்லை. நொடிக்கு நூறு முறை பலத்த துடிப்புகளாகப் பாய்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. திரும்புகிற அந்த வழியிலேயே முதல் வால்வின் எர்த்தும் இணைந்திருந்து, இடையில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடையே இருந்தாலும், அரை ஆம்பியர் துடிப்புக்கு அங்கே 5 மில்லி வோல்ட் எழுந்து, சமிக்ஞையோடு கலந்து, முதல் வால்விலேயே பல மடங்கு பெருகிவிடும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மரின் உயர்வோல்ட் சுற்றின் நடுமுனையை முதல் கண்டென்சரின் எதிர்முனைக்கு நேரே குட்டையான கம்பியால் சேர்த்து, ஒவ்வொரு வால்வின் எர்த்தையும் அதற்கு மின்சாரம் ஊட்டுகிற கண்டென்சரிலேயே முடித்து, சேஸியை உள்ளீட்டு ஜாக் அருகே ஓரிடத்தில் மட்டும் தொடவிடவேண்டும். நான் கட்டிய பெட்டியொன்றில் அந்த நடுமுனைக் கம்பி ஒன்றைப் பெயர்த்து இடம் மாற்றியவுடன், அதுவரை காதில் விழாத மின்விசிறியின் சப்தம் அறையில் கேட்கத் தொடங்கிற்று.

வீட்டு மின்சாரத்தின் எர்த் கம்பி வேறு. ரீங்காரம் குறைகிறதென்று அதைத் துண்டிப்பவர்கள் பிராணாபாயத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். அது எப்பொழுதும் சேஸியோடு தனியே, உறுதியாகப் பிணைந்திருக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே உள்ளே விரல் வைக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர்களைப் பொருத்துமுன் செய்யத்தக்க சூக்ஷ்மமான சோதனை ஒன்றுண்டு. மின் டிரான்ஸ்ஃபார்மரின் முனைகளையெல்லாம் நன்றாக மூடிவிட்டு அதற்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, எதனோடும் இணைக்காத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒலிபெருக்கி முனைகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பலகையின்மேல் மெல்லத் திருப்பிப் பார்க்கவேண்டும். ரீங்காரம் தேய்ந்து, ஏதோ ஒரு கோணத்தில் அநேகமாக நிசப்தமாகும். அந்தக் கோணத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கேயே துளை போடவேண்டும்.