ஸ்கூபா கால்துடுப்பு: தொடக்கநிலையாளருக்கான தேர்வு

ஸ்கூபா கால்துடுப்பு என்பது, முதுகில் காற்று உருளையைச் சுமந்து கடலுக்குள் முக்குளிப்பவர் இரு பாதங்களிலும் அணியும் தட்டையான உந்துகருவி ஆகும். ஃபின்ஸ், ஃபிளிப்பர் என்ற பெயர்களும் வழக்கில் உள்ளன. தவளைக்கும் வாத்துக்கும் விரலிடைச் சவ்வு செய்யும் வேலையை இது மனிதக் காலுக்குச் செய்கிறது.

புதிதாக முக்குளிப்புப் பயில்பவர்கள் சொந்தமாக வாங்க விரும்பும் முதல் கருவிகளில் இதுவும் ஒன்று. மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் பல மடங்கு விலை வேறுபாடு இருப்பதால் எதை வாங்குவது என்ற குழப்பம் எழுகிறது. பாதத்துக்குச் சரியாகப் பொருந்துவதும், அணிபவரின் கால் வலிமைக்கு ஏற்ப வளைவதும்தான் நல்ல துடுப்பின் இலக்கணம். இவ்விரண்டும் குறைந்த விலைத் துடுப்பிலும் கிடைக்கும். விலை உயர்ந்த துடுப்பில் கிடைக்காமலும் போகலாம்.

முத்துக்குளிப்பும் ஸ்கூபாவும்

மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகளாக முத்துக்குளித்தவர்கள் கால்துடுப்பு அணிந்ததில்லை. கயிற்றில் கட்டிய கல் அவர்களைக் கடலடிக்குக் கொண்டு சென்றது. சிப்பிகளைச் சேகரித்ததும், படகில் இருந்த உதவியாளர் கயிற்றை இழுத்து அவர்களை மேலே கொண்டுவந்தார். இறங்குவதும் ஏறுவதும் நேர்க்கோட்டில் நடந்ததால் கால்களுக்கு உந்துவேலை குறைவு.

ஸ்கூபா முக்குளிப்பு வேறுவகை. இதில் முக்குளிப்பவர் அரை மணி நேரத்துக்கும் மேலாக நீருக்கடியில் கிடைநிலையில் நகர்கிறார். உருளை, மிதவைச் சட்டை, எடைப்பட்டி ஆகியவை நீரின் தடையைக் கூட்டுகின்றன. வெறுங்காலால் உதைத்து இத்தடையை வெல்ல முடியாது. எனவே துடுப்பு இங்கு இன்றியமையாத கருவியாகிறது.

மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணைப் பகுதிகளில் மூச்சடக்கி மூழ்கும் மீனவர்களுள் சிலர் அலுமினியத் தகடுகளைப் பாதங்களில் கட்டி நீந்தியுள்ளனர். அங்கு கடற்பாசி சேகரிக்கும் பெண்களோ சாதாரண ரப்பர் செருப்பு அணிந்தே மூழ்குகின்றனர். அவர்களுக்கு வேகத்தைவிடப் பாறையிலிருந்து பாதத்தைக் காப்பதே முதல் தேவை. செய்யும் வேலையே கருவியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

வரலாறு

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் சிறுவயதில் ஓவியர்களின் வண்ணத்தட்டு போன்ற மரத்தகடுகளைக் கைகளில் பிடித்து நீந்திப் பார்த்தார். பாதங்களிலும் ஒருவகைத் தகட்டைப் பொருத்தினார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ 1933இல் ரப்பர் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான ஓவன் சர்ச்சில் 1940இல் தம் துடுப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படை முக்குளிப்பு வீரர்கள் துடுப்புகளைப் பயன்படுத்தினர். 1943இல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் மூச்சுக்கு ஏற்பக் காற்று வழங்கும் கருவியை உருவாக்கினர். அதன் பின்னர் ஸ்கூபாவும் கால்துடுப்பும் இணைபிரியாதவை ஆயின.

செயல்படும் விதம்

துடுப்பு நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நீர் முக்குளிப்பவரை முன்னோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. தகடு ஓரளவு வளைந்தால்தான் நீர் பின்னோக்கிச் செல்லும். சிறிதும் வளையாத தகடு நீரை மேலும் கீழுமாக அடித்து ஆற்றலை வீணாக்கும். மிகவும் துவளும் தகடு நீரைத் தள்ளாமல் வழுக்கிவிடும்.

நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகிறது. செலவாகும் திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே ஸ்கூபாவில் வேகமாகச் செல்வது நோக்கமன்று. குறைந்த உழைப்பில் சீராகச் செல்வதே நோக்கம்.

உழைப்பு கூடினால் மூச்சும் கூடும். எடுத்துக்காட்டாக, 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால், அது மேற்பரப்பு அளவில் சுமார் 2400 லிட்டர். பாதுகாப்புக்காக 50 பார், அதாவது 600 லிட்டர், ஒதுக்கினால் மீதி 1800 லிட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு என்பதால் காற்றும் இரு மடங்கு செலவாகும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்செடுப்பவருக்கு அங்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் தேவை. இருப்பு 60 நிமிடம் வரும். பொருந்தாத துடுப்போடு போராடி மூச்சு இரட்டித்தால் அதே இருப்பு 30 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பொருத்தம் பார்ப்பது வசதிக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும்தான்.

வகைகள்

*முழுப்பாதத் துடுப்பு:* செருப்பில்லாத வெறும் பாதத்தைக் குதிகால்வரை மூடும் ரப்பர் உறை கொண்டது. எடையும் விலையும் பொதுவாகக் குறைவு. வெதுவெதுப்பான நீரில், படகிலிருந்து குதித்து முக்குளிப்பதற்கு ஏற்றது. ஒருவரின் அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது என்பது இதன் குறை.

*திறந்த குதிகால் துடுப்பு:* குதிகால் பக்கம் வார் கொண்டது. நியோபிரீன் பூட் அணிந்தே இதைப் போட வேண்டும். பாறைக் கரையிலிருந்து இறங்கும் இடங்களுக்கும் குளிர்ந்த நீருக்கும் ஏற்றது. பூட்டின் விலையையும் சேர்த்தே இதன் செலவைக் கணக்கிட வேண்டும்.

தகட்டின் அமைப்பிலும் வேறுபாடுகள் உண்டு. ஒரே பலகை போன்ற தகடே பழமையானது. தொடக்கநிலையாளருக்கு அது போதும். நடுவில் பிளந்த தகடு காலுக்கு எளிது. ஆயினும் விலை கூடுதல், பின்னோக்கி நகரும் உதைக்கு உதவாது. மூச்சடக்கி ஆழம் செல்பவர்கள் அணியும் மிக நீண்ட தகடு ஸ்கூபா பயில்பவருக்குத் தேவையில்லை.

கடைகளில் மலிவாகத் தெரியும் இரண்டு பொருள்களில் கவனம் தேவை. நீச்சல்குளப் பயிற்சிக்கான குட்டைத் துடுப்பு ஒன்று. முகக்கவசம், மூச்சுக்குழாயுடன் ஒரே பையில் வரும் கடற்கரைத் துடுப்பு மற்றொன்று. மேற்பரப்பில் மிதந்து மீன் பார்க்க இவை நல்லவையே. உருளை சுமந்தவரை நீரோட்டத்துக்கு எதிராக நகர்த்தும் அளவுக்கு இவற்றின் தகடு பெரிதன்று.

அளவும் பொருத்தமும்

பல துடுப்புகளில் ஐரோப்பிய எண் அளவே அச்சிடப்பட்டிருக்கும். இந்தியக் காலணி அளவு 8 என்பது ஏறத்தாழ ஐரோப்பிய 42. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. எண்ணை நம்பி மட்டும் வாங்கக்கூடாது. செருப்பிலேயே பழகிய நம் பாதங்கள் முன்பக்கம் அகலமாக இருப்பதும் உண்டு. நீளம் சரியாக இருந்தும் உறை பக்கவாட்டில் இறுக்குவது இதனால்தான். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அணிந்து பார்ப்பது நல்லது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை:

1. துடுப்பை அணிந்து உட்கார்ந்து காலைத் தூக்கி உதற வேண்டும். குதிகால் நழுவினால் அது பெரியது.
2. விரல்கள் மடங்கக்கூடாது. மடங்கினால் அது சிறியது. நகமும் தோலும் புண்ணாகும்.
3. ஐந்து நிமிடம் அணிந்தே இருக்க வேண்டும். உள்ளங்கால் வளைவிலோ கணுக்காலிலோ வலித்தால் அதை விட்டுவிடலாம்.
4. தகட்டின் நுனியைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். தகடு நீளம் முழுவதும் சீராக வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். பாத உறையை ஒட்டிய இடத்தில் மட்டும் மடிந்தால் அது பலவீனமானது.
5. திறந்த குதிகால் வகையானால், எந்த பூட்டை அணியப் போகிறோமோ அதனுடனேயே சோதிக்க வேண்டும். வாரை ஒரு கையால் கழற்ற முடிய வேண்டும். மாற்று வார் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும்.

உயரமும் எடையும் குறைந்தவர்கள், நீச்சலில் புதியவர்கள், மாணவிகள் பலர் ஆகியோருக்குக் குட்டையான, மென்மையான தகடே ஏற்றது. விறைப்பான தகடு வலிமை மிக்க காலுக்குரியது. பழகாத காலுக்கு அது கெண்டைக்கால் பிடிப்பைத் தரும். இணையத்தில் வாங்குவதானால் அளவு மாற்றித் தரும் வசதி உள்ள கடையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்போது வாங்குவது?

நெடுங்காடு போன்ற ஊர்களில் வாய்க்காலிலும் குளத்திலும் நீந்தப் பழகியவர்கள் பலர் உள்ளனர். ஆனால் அரசலாறு கலக்கும் காரைக்கால் கடலில் வண்டல் மிகுதி; நீருக்குள் பார்வை எட்டாது. இப்பகுதி மாணவர் ஸ்கூபா பயில வேண்டுமானால், சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரிப் பயிற்சி மையங்களே அருகில் உள்ளவை. அங்கு முக்குளிப்பு பெரும்பாலும் படகிலிருந்தே நடைபெறுகிறது. அந்தமான், இலட்சத்தீவு செல்வது அடுத்த கட்டம்.

முதல் பயிற்சிக்குச் சொந்தத் துடுப்பு தேவையில்லை. பயிற்சிக் கட்டணத்தில் கருவிகள் அடங்குமா என்று கேட்டறிந்து, மையத்தின் துடுப்பையே அணியலாம். இரண்டு மூன்று வகைகளை அணிந்து பார்த்தால் எது தம் காலுக்கு ஏற்றது என்பது தெரியும். சொந்தமாக வாங்குவதில் முகக்கவசத்துக்கே முதலிடம். நீர் புகாத கவசம் முகத்துக்கு முகம் மாறுபடுவதால் அதை இரவல் வாங்குவது கடினம்.

வாங்குவதா, வாடகையா என்பதை எளிய கணக்கால் முடிவு செய்யலாம். துடுப்பின் விலை 4500 ரூபாய், நாள் வாடகை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 23 நாள்கள் பயன்படுத்தினால்தான் விலை ஈடாகும். ஆண்டுக்கு நான்கு நாள் மட்டும் முக்குளிப்பவருக்கு இதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அவருக்கு வாடகையே இலாபம். மாதந்தோறும் இரண்டு நாள் செல்பவருக்கு ஓராண்டிலேயே விலை ஈடாகிவிடும். தம் அளவுக்கு வாடகைத் துடுப்பு கிடைக்காதவர்களுக்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாது. விமானப் பயணத்தில் பெட்டியின் எடைக்கு வரம்பு உண்டு என்பதால், கனமான ரப்பர் துடுப்பு கூடுதல் செலவு வைக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய துடுப்பு

பயன்படுத்திய துடுப்பு மாணவர்களுக்கு நல்ல வழி. நிறம் மங்கியிருப்பது குறையன்று. பார்க்க வேண்டியவை மூன்று: தகடும் பாத உறையும் சேரும் இடத்தில் வெடிப்பு, வாரை வளைத்தால் தெரியும் கீறல், ரப்பரைத் தொட்டால் கையில் ஒட்டும் பிசுபிசுப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்கக்கூடாது. வாரில் மட்டும் பழுது என்றால், மாற்று வார் கிடைக்குமானால் விலை குறைத்துக் கேட்கலாம்.

பயன்பாட்டில் கவனம்

துடுப்பு நீச்சல் தெரியாதவரை நீச்சல்காரர் ஆக்காது. பேடி அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழுக்கு, துணைக்கருவி ஏதுமின்றி 200 மீட்டர், அல்லது முகக்கவசம், துடுப்பு, மூச்சுக்குழாய் அணிந்து 300 மீட்டர் நீந்த வேண்டும். 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். இச்சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் ஆழம்வரை செல்லலாம்.

உதை இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். மிதிவண்டி மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கி உதைத்தால் களைப்புதான் மிஞ்சும். கெண்டைக்காலில் பிடிப்பு ஏற்பட்டால் உதைப்பதை நிறுத்தி, துடுப்பின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக் காலை நீட்ட வேண்டும். துணைவருக்கும் சைகை காட்ட வேண்டும்.

துடுப்புடன் தரையில் முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழ நேரும். பின்னோக்கியோ பக்கவாட்டிலோ நடக்க வேண்டும். படகில் ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொண்ட பிறகே துடுப்பைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் கழற்றினால் நீரோட்டம் அடித்துச் செல்லக்கூடும்.

துடுப்பின் நீளம் நம் பாதத்தைத் தாண்டி இருப்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகின்றனர். அதன் ஒரு வீச்சு பவளத்தை உடைக்கும். கடலடி மணலைக் கிளப்பும். இந்தியாவில் பவளப்பாறைகள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. உடைந்த பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பையும் மணலையும் நீக்க வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும்; வெயிலிலோ மூடிய வாகனத்திலோ விட்டால் ரப்பர் கெடும், தகடு வளைந்துவிடும். நுனியில் நிறுத்தி வைக்காமல் படுக்கவைக்க வேண்டும். புதிதாக வாங்கியபோது பாத உறைக்குள் இருந்த அச்சை எறிந்துவிடாமல் திரும்ப வைத்தால் உறையின் வடிவம் மாறாது. இவ்வாறு பேணினால் குறைந்த விலைத் துடுப்பும் பல ஆண்டுகள் உழைக்கும்.