ஆழமா, அகலமா?

நீரிலேயே வாழும் சலமந்தர் இனமான ஆக்சலோட்டலின் பூர்வீகம் சொச்சிமில்கோ நீர்நிலைகள். மெக்சிக்கோ நகரத்தின் தென்புறத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரத்திலுள்ள அவற்றின் குளிர்ச்சியை இயந்திரத்தின் தயவின்றியே பெறத்தக்க பிரதேசம் நம் தீவில் உண்டென்றால், அது 1,868 மீற்றர் உயரத்தில், சராசரியாக 16 பாகை செல்சியஸ் சீதோஷ்ணத்தோடு விளங்கும் நுவரெலியாதான். தாழ்ந்திருக்கும் ஹட்டன் பக்கத்தில் மட்டும், பங்குனி, சித்திரைப் பகல்களில் நீரின் உஷ்ணம் 20 பாகையைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வது அவசியம்.

குளிர் இயற்கையின் கொடை. இடமோ நாம் அளிக்கவேண்டியது. கடையில் விரல் நீளமே இருக்கும் குஞ்சைக் கண்ணாடிக் குடுவையில் பார்த்து மயங்கி வாங்குகிறவர், அது ஓராண்டளவில் 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளருமென்பதையும், மீனைப்போல் மேலும் கீழும் நீந்தித் திரியாமல் பெரும்பாலும் அடித்தளத்தில் நடந்தே வாழும் சுபாவமுடையது என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே தொட்டியின் உயரத்தைவிட அடித்தளத்தின் விஸ்தீரணமே பிரதானம். ஒரே பிராணிக்கு இரண்டரை அடி நீளமும் ஓரடி அகலமும் கொண்டு, சுமார் 75 லீற்றர் கொள்ளும் தொட்டி மிகக் குறைந்த அளவு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், 150 லீற்றர் என்பதே என் சிபார்சு. இரண்டை ஒன்றாக வளர்ப்பதானால் இதற்கும் குறைந்தது கூடவே கூடாது, ஏனெனில் நெருக்கத்தில் ஒன்றன் காலை மற்றொன்று கடித்துவிடும். இழந்த கால் மறுபடி முளைக்குமென்பது நம் அலட்சியத்துக்கு நியாயமாகாது.

மண்புழுவை உண்டு ஏராளமாகக் கழிக்கும் இப்பிராணியின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா, கொஞ்ச நீரில் வெகு விரைவில் விஷமாகி, மென்மையான தோலையும் தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்திருக்கும் செவுள்களையும் புண்படுத்துகிறது. அந்த விஷத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் நிலைகொள்ள ஒரு மாதத்துக்கு மேலாகலாம் என்பதால், தொட்டியை முன்னரே ஆயத்தம் செய்யவேண்டும். பீலித் தண்ணீர் குளிர்ந்ததேயாயினும், தேயிலை மலைக்குத் தெளிக்கும் மருந்தும் உரமும் கலக்கக்கூடிய ஓடையிலிருந்து வருவதாயின் அதைத் தவிர்க்கவேண்டும்.

150 லீற்றர் ஜலம் மாத்திரமே 150 கிலோ எடை. உறுதியான சிமெந்துத் தரையும் இரும்புத் தாங்கியும் இன்றி அது நில்லாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குடும்பம் முழுவதும் உறங்கி எழும் லயத்து வீட்டில் இதற்கு எங்கே இடமென்று கேட்பவரின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் நெருக்கடியான வாசஸ்தலம் ஓர் உயிரை என்ன செய்யுமென்பதைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தறிந்த நம் ஜனங்கள், இன்னோர் உயிரைக் குடுவைக்குள் அடைக்க மனம் கொள்ளலாகாது. இடமில்லையெனில் வாங்காதிருப்பதே தயை.

தொட்டி சிறுத்துவிட்டதென்று ஆக்சலோட்டலைக் கிரகரி வாவியிலோ தோட்டத்து ஓடையிலோ விட்டுவிடவும் வேண்டாம். இம்மலைகளுக்கே உரிய தவளையினங்கள் பல. அவற்றிடையே அந்நியமான பிராணியையும் அதனோடு வரக்கூடிய நோயையும் நுழைப்பது பெருங்கேடு. வளர்க்க இடமுள்ள வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.