தழும்பை மறைக்காத மைசூர் ராணிகள்

இரு நூற்றாண்டுக்கு முந்தைய அரண்மனை ஓவியம் ஒன்று, தடுப்பூசிக்கான பிரசாரமாகவே தீட்டப்பட்டிருக்கலாம்

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுன். இங்கே ஐம்பதைத் தாண்டியவர்களின் கையைப் பார்த்தால் பலருக்குக் காசளவு தழும்பு ஒன்று இருக்கும். பெரியம்மைக்கு 'அம்மை குத்திய' அடையாளம். 1970-களின் இறுதியில் அந்த ஊசி கைவிடப்பட்டது. இன்றைய இளைஞர்களுக்கு அந்தத் தழும்பு கிடையாது.

அதே ஊசி போட்ட கையை, 1805 வாக்கில், மைசூர் ராணி ஒருவர் ஓவியர் முன் காட்டி நின்றிருக்கிறார்.

அயர்லாந்துக்காரரான தாமஸ் ஹிக்கி தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் அது. நகைகள் பூண்ட மூன்று பெண்கள். நெடுங்காலம் அவர்களை நடன மாதர் என்றே கருதினர். 2001-ல் வரலாற்றாளர் நைஜல் சான்ஸலர் வேறு விதமாகச் சொன்னார். வலப்புறம் இருப்பவர், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை மணக்க வந்த சிறுமி தேவஜம்மணி. சேலையை விலக்கி, ஊசி போட்ட இடத்தைக் காட்டுகிறார். இடப்புறம் அதே பெயர் கொண்ட மூத்த ராணி. அவரது மூக்கையும் வாயையும் சுற்றி நிறம் மாறியிருக்கிறது. அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதும் பழைய முறையின் தடயம் அது என்கிறார் சான்ஸலர். நடுவில் இருப்பவர் மன்னரின் பாட்டியாக இருக்கலாம்.

ஐரோப்பிய அரசவை ஓவியங்களின் வழக்கமோ நேர் எதிர். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்துக்கு 1562-ல் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்ததே பெரிது. ஆனால் அறுபதைக் கடந்த பிறகு தீட்டப்பட்ட படங்களிலும் அவர் முகம் மாசு மருவற்ற இளமையோடு பளிங்காக மின்னும். ராணியின் முகம் அரசின் முகம். அதில் நோய்க்கு இடமில்லை.

மைசூரில் தழும்பே செய்தியாக வேண்டியிருந்தது. ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பூசி 1802-ல்தான் பம்பாயை எட்டியிருந்தது. குளிர்பதன வசதி இல்லாத காலம். ஒருவர் கையில் எழும்பிய கொப்புள நீரை எடுத்து அடுத்தவர் கையில் ஏற்றுவார்கள். எந்தச் சாதியார் உடம்பின் நீர் யார் உடம்பில் ஏறுகிறது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அம்மையைத் தெய்வமாகக் கும்பிட்டவர்களுக்கோ தயக்கம் இரட்டிப்பு. கம்பெனி டாக்டர்களின் பேச்சு அங்கே எடுபடவில்லை.

அரண்மனைப் பெண்ணின் கை எடுபட்டது. தேவஜம்மணி ஊசி போட்டுக்கொண்டது மக்கள் முன்வர உதவியது என்று 1806 ஜூலைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. இதற்குப் பின்னால் மன்னரின் பாட்டி லட்சுமி அம்மணியின் ஆதரவு இருந்தது என்பது சான்ஸலரின் கணிப்பு.

கம்பெனிக்கும் இதில் ஆதாயம் உண்டு. திப்பு வீழ்ந்த 1799-ல் சிறுவன் கிருஷ்ணராஜனை அரியணையில் அமர்த்தியது அதுதான். தான் காப்பாற்றிய வம்சம் தன் மருந்தையும் ஏற்றது என்று காட்ட இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் ஊசிக்குக் கை நீட்டியவர் அந்தப் பெண்.

அப்படி ஊருக்கு முன்னால் நின்றவர்களை உலகம் பெயரற்ற ஆட்டக்காரிகளாகவே பார்த்து வந்தது. அவர்களை மீண்டும் ராணிகள் என்று ஒருவர் சொல்ல ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. அதற்கும் அந்தத் தழும்புதான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.