தப்பியோடும் சிறுவரும் இல்லங்களின் அபாயக் கணிப்பும்

சிறுவர் இல்லமொன்றிற் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய தீங்குகளைக் கணிக்கப் புகுவோர், தீ, நீர், நோய், படிக்கட்டு என்பவற்றையே முதலில் எண்ணுவர். அவை கண்ணுக்குத் தெரிவன. அவற்றிற்கு விதிகளும் உள. காக்க வேண்டியவரிடமிருந்தே வரும் தீங்கு கணித்தற்கு அரியது. இவ்வுண்மையை இங்கிலாந்தும் வேல்சும் மிகப் பிந்தியே அறிந்துகொண்டன.

1983 தொடக்கம் 1989 வரை இங்கிலாந்தின் ஸ்ரபோர்ட்ஷயர் மாவட்டத்துச் சில இல்லங்களிற் ‘பின்டவுன்’ என்னும் முறை கையாளப்பட்டது. பாடசாலை செல்ல மறுத்த பிள்ளைகளும் இல்லத்தை விட்டோடிய பிள்ளைகளும் தனியறையில் இருத்தப்பட்டனர். அவர்தம் உடைகள் பறிக்கப்பட்டு இரவுடை கொடுக்கப்பட்டது. மலகூடம் செல்வதற்கும் கதவைத் தட்டி அனுமதி பெறவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையும் இதற்குத் தப்பவில்லை. குறைந்தது 132 சிறுவர் இவ்வாறு நடத்தப்பட்டனர் என்றும், அவருள் ஒருவர் தொடர்ந்து 84 நாள் இருத்தப்பட்டார் என்றும் 1991இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. வியப்பு யாதெனில், ஊழியர் இவற்றை மறைத்தாரல்லர். நாட்குறிப்பேடுகளில் ஒழுங்காக எழுதியே வைத்திருந்தனர். தப்பியோடுதலை ஓர் அபாயமென மதித்து, அதற்குப் பரிகாரமும் கண்டதாகவே அவர்கள் கருதினர் போலும். பிள்ளையை ஓடாமற் செய்வது எவ்வாறு என வினவினர். அது ஏன் ஓடிற்று என வினவினாரிலர்.

வட வேல்சு இல்லங்களில் 1974 முதல் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்ந்த வாட்டர்ஹவுஸ் விசாரணை மன்றம், 2000ஆம் ஆண்டிலே தன் அறிக்கையை வெளியிட்டது. ஓடிய பிள்ளை மீண்டதும் அவ்வில்லத்தைச் சாராத ஒருவர் அதனைக் கண்டு பேசவேண்டும் என்பது அதன் விதப்புரைகளுள் ஒன்று. தன்னைத் துன்புறுத்துபவர் அருகிருக்கையில் எப்பிள்ளைதான் வாய் திறக்கும்? 2014இல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட வழிகாட்டல் இவ்வுரையாடலுக்கு 72 மணி நேர எல்லையை வகுத்தது.

அவ்வுரையாடலில் வெளிப்படுவன பல. ஒரு பிள்ளை தாயைத் தேடி ஓடும். ஒன்று பரிசு காட்டி அழைக்கும் அந்நியனிடம் ஓடும். மற்றொன்று தன்னை அடிக்கும் மூத்த பிள்ளைக்கு அஞ்சி ஓடும். செயல் ஒன்றாயினும் அபாயங்கள் வேறு வேறு. முதற்பிள்ளைக்கு வேண்டுவது தாயைக் காணும் ஒழுங்கு. இரண்டாவதற்குப் பொலீசாரின் துணை. மூன்றாவதற்கு வேறு அறை. கதவைப் பூட்டுதல் இவற்றுள் எதனையும் தீர்க்காது. மூன்றாம் பிள்ளையையோ அஃது அஞ்சியவனோடேயே அடைத்துவிடும்.

2015ஆம் ஆண்டின் விதிகளின்படி, அங்குள்ள இல்லமொவ்வொன்றையும் மாதமொருமுறையேனும் தனித்த ஒருவர் பார்வையிடல் வேண்டும். அத்தகையோர் சமையலறையின் தூய்மையைப் பாராட்டி மீள்வதிற் பயனில்லை. பிள்ளைகள் ஓடிய நாட்களை ஊழியரின் கடமைப் பட்டியலோடு ஒப்புநோக்குதல் நன்று. ஒருவர் கடமையிலிருந்த இரவுகளிலேயே ஒரு பிள்ளை மீண்டும் மீண்டும் ஓடியிருப்பின், அவர்கள் முதலிற் பேசவேண்டியது அப்பிள்ளையோடேயாம்.