ஆக்சிஜனும் பார்வையும்: ஒரு மருத்துவ ஆய்வு தரும் பாடம்

சோதனையில் கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்று மாணவர்கள் கேட்டால், இரண்டு தொட்டிச் செடிகளைக் காட்டி விளக்குவது நம் வழக்கம். ஒன்றை வெயிலில் வைப்போம். மற்றொன்றை இருட்டில் வைப்போம். உயர்நிலை வகுப்புகளில் நான் இத்துடன் இன்னொரு எடுத்துக்காட்டையும் சொல்வதுண்டு. குறைமாதக் குழந்தைகளின் பார்வையைப் பறித்த ஒரு நோயின் காரணம் கண்டறியப்பட்ட வரலாறு அது.

1942-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெரி, குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னால் வெண்ணிறத் திசு படர்ந்திருப்பதை விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இந்நோயால் பார்வையிழந்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வசதி மிகுந்த மருத்துவமனைகளில்தான் நோய் அதிகமாக இருந்தது என்பதே அனைவரையும் குழப்பியது.

காரணம் இதுதான். கருவில் வளரும் குழந்தையின் விழித்திரையில், பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து ரத்த நாளங்கள் விளிம்பு நோக்கி மெல்லப் படர்கின்றன. பிரசவ காலம் நெருங்கும்போதுதான் அவை விளிம்பை எட்டும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் நாளங்களின் வளர்ச்சி நின்றுவிடும். பின்னர் வளரும் விழித்திரைக்கு ஆக்சிஜன் போதாமல் போகும். அப்போது தாறுமாறாகப் புது நாளங்கள் முளைத்துக் கசியும். தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே பிரித்துவிடும்.

அன்று இது யாருக்கும் தெரியாது. மூச்சுக்குத் தவிக்கும் சிசுவுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுப்பதுதான் நல்ல சிகிச்சை என்று நம்பினர். 1951-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் கேட் கேம்ப்பெல், ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த இடங்களில் நோய் அதிகம் என்று சுட்டிக்காட்டினார். அக்காலத்தில் வாஷிங்டனில் அர்னால் பாட்ஸ் என்னும் மருத்துவர் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தபோது, குழந்தைகள் மீதான இரக்கத்தால் செவிலியர் சிலர் இரவில் ஆக்சிஜனைக் கூட்டிவைத்தனர். நல்லெண்ணமே சோதனைக்கு இடையூறானது.

1953-54-இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் இணைந்து பெரிய அளவில் சோதனை நடத்தின. ஒரு குழுவுக்கு வழக்கம்போல் ஆக்சிஜன். மற்றொரு குழுவுக்குத் தேவைப்பட்டால் மட்டும். இரண்டாம் குழுவில் பார்வையைக் கெடுக்கும் தழும்பு நிலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. பிறந்து 48 மணி நேரம் கடந்த குழந்தைகளே அச்சோதனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். மருத்துவமனைகளோ பிறந்த நொடியிலிருந்தே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தின. பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுத்திணறலால் இறந்த சிசுக்கள் அதிகரித்தனர். ஒரு முடிவை, அது சோதிக்கப்படாத சூழலுக்கு நீட்டியதன் விலை அது.

சரியான அளவைத் தேடும் முயற்சி பல பத்தாண்டுகள் நீண்டது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,316 குறைமாதக் குழந்தைகள் இடம்பெற்றனர். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 85-89 சதவீதமாக வைக்க முயன்ற குழுவில் கடுமையான விழித்திரை நோய் 8.6 சதவீதம், 91-95 சதவீதமாக வைக்க முயன்ற குழுவில் 17.9 சதவீதம். ஆனால் இறப்பு முதல் குழுவில் 19.9 சதவீதம், இரண்டாம் குழுவில் 16.2 சதவீதம். கண்ணைக் காப்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் நடுவே எவ்வளவு குறுகிய பாதை என்பதை இந்த நான்கு எண்களே காட்டிவிடும்.

இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதி, “நீங்கள் மருத்துவராக இருந்தால் எந்த அளவைத் தேர்வீர்கள்?” என்று கேளுங்கள். “சென்ற ஆண்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் போதாதா?” என்றும் கேளுங்கள். ஒரே காலத்தில், ஒரே சூழலில் ஒப்பிடுவது ஏன் தேவை என்பதை மாணவர்களே விவாதித்துக் கண்டடைவார்கள்.

இந்நோய் நமக்குத் தொலைவில் இல்லை. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவான எடையுடனோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே தேவை. உரிய நேரத்தில் லேசர் சிகிச்சையோ கண்ணில் ஊசி மருந்தோ கொடுத்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. கண்டறிய வேண்டிய குறைபாடுகளுள் இதுவும் ஒன்று.

குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே, முதல் வகுப்பில் சேர்க்கும்போது பெற்றோரிடம், “குழந்தை குறைமாதத்தில் பிறந்ததா? கண் பரிசோதனை செய்தீர்களா?” என்று தனியே கேட்டு வைப்பது நல்லது. புத்தகத்தை முகத்தருகே கொண்டுசெல்லும் பிள்ளையையும், தலையைச் சாய்த்துக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளையையும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் முதலில் காட்டுங்கள்.